நேரடி நெல் விதைப்பும் முளைக்குமுன் களைத்தடுப்பும்

நாற்று விட்டு, பறித்து, நடும் முறையில் நெற்பயிருக்கு இயற்கையாகவே ஓர் அனுகூலம் உண்டு. நடவு வயலில் களைவிதை முளைக்கத் தொடங்கும்போது, நெல் 20 அல்லது 25 நாள் வயதுடைய நாற்றாக வேரூன்றி நிற்கிறது. களை பின்னால் வருகிறது. பயிர் முன்னால் நிற்கிறது. நேரடியாக விதை விதைக்கும் முறையில் இந்த அனுகூலம் இல்லை. நெல்லும் களையும் ஒரே ஈரத்தில், ஏறக்குறைய ஒரே நாளில் முளைக்கின்றன. குதிரைவாலிப் புல் முதலிய சில களைகள் இளமையில் நெல்லைப் போலவே தோன்றுவதால், கைக்களை எடுப்போர் அவற்றைப் பிரித்தறிவதும் கடினம். விதைத்த முதல் 40 நாள் வரையில் களை அடக்கப்படாவிட்டால், பின்னர் எவ்வளவு உரம் இட்டாலும் அந்நஷ்டத்தை ஈடுசெய்ய இயலாது. களை பிடுங்காப் பயிர் கால் பயிர் என்னும் பழமொழி நேரடி விதைப்புக்கு முற்றிலும் பொருந்தும்.

எனினும், நேரடி விதைப்பு விலக்கத்தக்க முறையன்று. காவிரிப் பாசனப் பகுதியில் 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை, வழக்கமாக ஜூன் 12-ல் குறுவைக்குத் திறக்கப்படுவது. எல்லா ஆண்டுகளிலும் அந்நாளில் திறக்கப்படுவதில்லை. 2022-ல் மே 24-லேயே திறக்கப்பட்டது. 2024-லோ ஜூலை 28 வரையில் காத்திருக்க நேர்ந்தது. நீர் தாமதிக்கும் ஆண்டுகளில் நாற்றங்காலுக்கு ஆகும் நாட்களை மிச்சப்படுத்தவும், நடவாட்கள் கிடைக்காத இடங்களில் பருவம் தவறாமல் பயிர் ஏற்றவும், கடைமடைப் பகுதிகளிலும் வானம் பார்த்த நிலங்களிலும் மழையை நம்பிச் சாகுபடி செய்யவும் நேரடி விதைப்பே உற்ற வழி. ஆகவே இம்முறையில் களையை அடக்கும் உபாயத்தைக் குடியானவர்கள் நன்கு அறிந்திருப்பது அவசியமாகிறது.

அந்த உபாயங்களுள் முக்கியமானது, களை முளைக்குமுன்னரே மண்ணில் தெளிக்கப்படும் களைக்கொல்லி. இதில் ஒரு பெரும் இடையூறு அடங்கியிருக்கிறது. விதை முளைப்பதைத் தடுப்பதே இம்மருந்தின் வேலை; குடியானவர் வயலில் இட்டிருப்பதும் விதையே. களையின் விதை இது, நெல்லின் விதை இது என்று மருந்துக்குத் தெரியாது. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவது மருந்தன்று, விதைப்பவரின் முறையே. அம்முறை யாது என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

மருந்தின் இயல்பு

முளைக்குமுன் தெளிக்கும் களைக்கொல்லி, மண்ணின் மேற்பரப்பில் மெல்லிய ஒரு படலமாகப் படிந்து நிற்கிறது. களைவிதைகளுள் பெரும்பாலானவை மிகச் சிறியவை. மண்ணின் மேல்மட்டத்தில், ஒரு விரற்கடை ஆழத்துக்குள் கிடப்பவையே முளைத்து மேலே வரும் சக்தியுடையவை. அவை முளைவிட்டு அப்படலத்தைத் தொடும்போது மருந்தை உறிஞ்சி மடிகின்றன. உறங்கும் விதையை இம்மருந்து கொல்வதில்லை. முன்னரே முளைத்து இலைவிட்டு நிற்கும் களையையும் பொதுவாகக் கொல்வதில்லை. முளைவிடும் அந்தச் சில நாட்களே மருந்தின் ஆட்சிக்காலம்.

நெல் வயலில் வழங்கும் மருந்துகளுள் இரண்டின் இயல்பை அறிந்தால் மற்றவற்றையும் விளங்கிக்கொள்ளலாம். பெண்டிமெத்தலின் என்பது வேர்நுனியிலும் முளைநுனியிலும் உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதைத் தடுப்பது. அது மண்துகள்களோடு இறுகப் பற்றிக்கொள்ளும். நீரோடு எளிதில் கீழிறங்காது. பிரிடிலாகுளோர் என்பது முளைக்குருத்தின் வழியாக உட்புகுந்து, வளர்ச்சிக்கு இன்றியமையாத சில கொழுப்புப் பொருள்கள் உண்டாவதைத் தடுப்பது. நடவு வயலில் பலகாலம் வழங்கிவரும் பூட்டாகுளோரும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இவை யாவும் தெளித்த சில நாட்களில் மறைந்துவிடுவன அல்ல. மண்ணின் தன்மை, ஈரம், வெப்பம், இட்ட அளவு ஆகியவற்றுக்கு ஏற்பப் பல வாரங்கள் மண்ணில் தங்கி வேலை செய்யும். களையைத் தடுப்பதற்கு இது நன்மை. அதே மண்ணில் மறுபடியும் விதை போட எண்ணுவோருக்கு இதுவே தீமை.

விதையைக் காக்கும் வழிகள்

விதைப்பையும் முளைத்தடுப்பையும் ஒரே நிலத்தில் நடத்த மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, காலத்தால் பிரித்தல். நெல் நடவு முறையே இதற்கு உதாரணம்: பயிர் முளைத்து வளர்ந்த பின்னரே மருந்து இடப்படுகிறது. நெல்லுக்கு மட்டுமன்று, புல்லையே பயிராக வளர்ப்போருக்கும் இதுவே நியதி. வட அமெரிக்காவின் குளிர்ந்த பகுதிகளில் வீடுகளைச் சுற்றியும் விளையாட்டு மைதானங்களிலும் வளர்க்கப்படும் புல்தரை நாளடைவில் மெலியும்போது, அதன்மேலேயே மீண்டும் புல்விதை தூவி அடர்த்தி செய்வது வழக்கம். அங்கே நண்டுப்புல் என்று அவர்கள் மொழியில் வழங்கும் களை, வசந்தகாலத்தில் மண்ணின் வெப்பம் சுமார் 13 டிகிரி செண்டிகிரேடு ஆகும் தருவாயில் முளைக்கிறது. அதைத் தடுக்கத் தெளிக்கப்படும் மருந்துகளுள் நெல் வயலில் வழங்கும் பெண்டிமெத்தலினும் ஒன்று. வசந்தகாலத்தில் மருந்தைத் தெளித்து அப்போதே புல்விதையும் தூவினால், களையோடு தூவிய விதையும் மடியும். ஆகையால் அவர்கள் இலையுதிர் காலத்தில் விதைத்து, புல் நன்கு வேரூன்றிய பின், அடுத்த வசந்தத்தில் மருந்து தெளிப்பதையே சிறந்த முறையாகக் கொண்டிருக்கின்றனர். ஒரே பருவத்தில் இரண்டையும் செய்தே தீரவேண்டுமாயின், விதைக்கும் புல்லைப் பாதிக்காத சிடுரான், மெசோடிரையோன் போன்ற தனிப்பட்ட மருந்துகளையே நாடுகின்றனர்.

இரண்டாவது வழி, ஆழத்தால் பிரித்தல். மருந்து மேலே நிற்க, பயிர் விதை அதற்குக் கீழே இருக்குமாறு விதைத்தல். நெல்விதை பருமனானது, இரண்டு மூன்று செண்டிமீட்டர் ஆழத்திலிருந்தும் முளைத்து மேலே வர வல்லது. அதன் வேர் கீழ்நோக்கி மருந்தற்ற மண்ணில் செல்கிறது. முளைக்குருத்து மட்டுமே மருந்துப் படலத்தை விரைந்து கடக்கிறது.

மூன்றாவது வழி, காப்புப் பொருளால் பிரித்தல். பயிருக்கு மட்டும் மருந்தின் நஞ்சை முறிக்கும் ஆற்றலை மிகுவிக்கும் பொருளை மருந்தோடு சேர்த்துத் தருவது இது. 1947-ல் ஆட்டோ ஹாஃப்மன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், ஓர் இரசாயனப் பொருள் இடப்பட்ட தக்காளிச் செடிகள் களைக்கொல்லி ஆவியால் கெடாமல் நின்றதைக் கவனித்ததிலிருந்து இத்துறை ஆராய்ச்சி தொடங்கியது. நெல்லுக்குப் பிரிடிலாகுளோருடன் சேர்க்கப்படும் பென்குளோரிம் என்னும் பொருள் இவ்வகையினது. அது நெற்செடியின் உள்ளே மருந்து விரைவில் சிதைந்து தீங்கற்றதாக மாறத் துணைசெய்கிறது.

இம்மூன்று வழிகளுள் ஒன்றேனும் இல்லாத இடத்தில் விதைப்பும் முளைத்தடுப்பும் ஒன்றாகச் செல்லா. கீழே கூறப்படும் ஒவ்வொரு முறையிலும் விதையைக் காத்து நிற்பது எது என்று குடியானவர் முதலில் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

புழுதி விதைப்பு

காய்ந்த புழுதியில் விதைத்து, மழையினாலோ பாசனத்தினாலோ முளைக்க வைக்கும் முறையில் விதையைக் காப்பது ஆழமே. நிலத்தை நன்கு உழுது, கட்டிகளை உடைத்து, மட்டப்படுத்தி, ஏக்கருக்குச் சுமார் 30 கிலோ விதையை இரண்டு முதல் மூன்று செண்டிமீட்டர் ஆழத்தில் சீராக விழுமாறு விதைத்தல் வேண்டும். விதைப்புக் கருவியால் வரிசையாக விதைப்பதே உத்தமம். கையால் வீசி விதைத்தால் லேசாக உழுது மூடிப் பரம்படித்தல் அவசியம். மண்ணுக்கு மேல் தெரியும் ஒவ்வொரு விதையும் மருந்தின் கீழ் அகப்படும் விதை என்று அறிக.

நிலம் நன்றாக நனையும் மழை பெய்த நாளிலிருந்தோ, பாசனம் கொடுத்த நாளிலிருந்தோ கணக்கிட்டு 3 முதல் 5 நாட்களுக்குள், நெல்முளை மண்ணுக்கு மேல் தலைகாட்டுமுன், பெண்டிமெத்தலினைத் தெளித்தல் வேண்டும். எக்டேருக்கு 1 கிலோ வீரியப் பொருள் என்பது சிபாரிசு. நூற்றுக்கு 30 பங்கு வீரியமுள்ள திரவமாயின் இது ஏக்கருக்குச் சுமார் 1.3 லிட்டர் ஆகும். இதை 200 லிட்டர் நீரில் கலந்து தெளிக்க வேண்டும். 10 லிட்டர் கொள்ளும் கைத்தெளிப்பானாயின், ஏக்கருக்கு 20 முறை நிரப்ப வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறைக்கும் 65 மில்லி மருந்து சேரும்.

தெளிக்கும்போது மண்ணில் ஈரம் இருத்தல் வேண்டும். காய்ந்த மண்ணில் தெளித்த மருந்து படலமாகப் பரவாது. அதன் ஒரு பகுதி வெயிலில் வீணாகும். அதேபோல் நீர் தேங்கி நிற்கும் பள்ளங்களில் தெளித்தால் அங்கே மருந்து சேர்ந்து விதைக்குக் கேடு உண்டாகும். கட்டி நிறைந்த நிலத்தில் கட்டியின் மறைவில் மருந்து விழாது. பின்னர் கட்டி கரையும்போது அங்கே களை கிளம்பும். ஆகவே இம்முறையின் வெற்றியில் பாதி மருந்துக் கடையில் இல்லை. உழவிலும் பரம்பிலும் இருக்கிறது.

சேற்று விதைப்பு

சேற்று வயலில் முளைகட்டிய விதையைத் தூவும் முறையில் ஆழத்தின் பாதுகாப்பு இல்லை. விதை சேற்றின் மேலேயே கிடக்கிறது. பெண்டிமெத்தலினை இங்கே தெளித்தால் மருந்து நேராக விதையின் மேல் விழும். முளை குன்றி, வேர் தடித்துக் குட்டையாகிப் பயிர் கெடும். ஆதலால் இம்முறைக்குக் காப்புப் பொருள் சேர்ந்த பிரிடிலாகுளோரே ஏற்றது.

ஏக்கருக்குச் சுமார் 24 கிலோ விதையை ஒரு நாள் நீரில் ஊறவைத்து, ஒரு நாள் ஈரச் சாக்கில் முளைகட்டி, முளை சிறிதாக வெளிவந்த நிலையில் கையால் தூவியோ, உருளை விதைப்பானால் வரிசையாகவோ விதைக்கலாம். காப்புப் பொருளைப் பயிர் தன் வேரின் வழியாகவே பெரிதும் உறிஞ்சுகிறது. ஆகையால் முளைகட்டாத விதையைத் தூவிவிட்டு இம்மருந்தை இடுவது, கவசம் அணியாதவனைப் போருக்கு அனுப்புவதை ஒக்கும்.

விதைத்த 3-ஆம் அல்லது 4-ஆம் நாள், எக்டேருக்கு 450 கிராம் வீரியப் பொருள் வீதம் இடுதல் வேண்டும். நூற்றுக்கு 30 பங்கு வீரியமுள்ள மருந்தாயின் ஏக்கருக்கு 600 மில்லி. வயலில் மண் சேறாக நனைந்திருக்க வேண்டும். மெல்லிய நீர்ப்படலம் இருக்கலாம். இளமுளை நீரில் மூழ்கலாகாது. மருந்து இட்ட பின் இரண்டு மூன்று நாட்கள் நீரை வடிக்கவும் கூடாது. புதிதாக நிறையப் பாய்ச்சவும் கூடாது. வயல் சமமாக இல்லாவிட்டால், பள்ளத்தில் நீரும் மருந்தும் சேர்ந்து நெல் மடியும்; மேட்டில் மருந்து வேலை செய்யாமல் களை செழிக்கும். ஒரே வயலில் இரண்டு நஷ்டமும் நேரும்.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. கடைகளில் பிரிடிலாகுளோர் என்னும் பெயரில் இரண்டு வகை மருந்துகள் விற்கப்படுகின்றன. ஒன்று, காப்புப் பொருள் சேர்ந்தது. நேரடி விதைப்புக்கு உரியது. மற்றொன்று, காப்புப் பொருள் சேராதது. நூற்றுக்கு 50 பங்கு வீரியமுள்ளது. நடவு வயலில் நட்ட 3-ஆம் நாள் இடுவதற்கு உரியது. இரண்டிற்கும் ஏக்கருக்குக் கூறப்படும் திரவ அளவு ஒன்றே: 600 மில்லி. அளவு ஒன்றாக இருப்பதாலேயே ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை இட்டுவிடும் ஆபத்து அதிகம். நடவுக்கு உரிய மருந்தை முளைவிதை வயலில் இட்டால், ஏக்கரில் விழும் வீரியப் பொருள் 180 கிராமுக்குப் பதிலாக 300 கிராமாகிறது. அதைத் தாங்கும் காப்புப் பொருளோ இல்லை. களை அழிவதோடு விதையும் அழியும். எனவே மருந்தின் பெயரை மட்டும் கேட்டு வாங்குவது போதாது. புட்டியின் மேலுள்ள சீட்டில் காப்புப் பொருள் சேர்ந்தது என்பதும், நேரடி விதைப்பு நெல்லுக்கு என்பதும் எழுதியிருப்பதைப் படித்தறிந்தே வாங்குதல் வேண்டும்.

பாடுவாசி நிரப்புதல்

நேரடி விதைப்பில் குடியானவர்கள் பெரும்பாலும் நஷ்டமடையும் இடம் இதுவே. விதைத்து, மருந்தும் இட்ட பத்துப் பன்னிரண்டு நாட்களில் வயலைச் சுற்றிப் பார்க்கும்போது, சில இடங்களில் முளைப்பு மெலிந்து திட்டுத் திட்டாக வெறுமையாகத் தோன்றும். பறவை தின்றிருக்கலாம், பள்ளத்தில் நீர் தேங்கியிருக்கலாம், விதை சீராக விழாமல் இருந்திருக்கலாம். உடனே மீதி விதையை எடுத்து அவ்விடங்களில் தூவிவிடுவது பலருடைய வழக்கம். புல்தரையின்மேல் புல்விதை தூவுவதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை. அங்கே நேரும் கேடே இங்கும் நேரும்.

அந்த மண்ணில் மருந்து இன்னும் உயிரோடிருக்கிறது. முதல் விதைப்பு பிழைத்தது, ஆழத்தில் கிடந்ததாலோ, முளைகட்டி வேர்விட்ட நிலையில் காப்புப் பொருளோடு மருந்தைச் சந்தித்ததாலோ ஆகும். இரண்டாவது முறை தூவிய விதைக்கு இந்த இரண்டில் ஒன்றும் இல்லை. அது மேற்பரப்பில், மருந்துப் படலத்தின்மேலேயே கிடந்து முளைக்க முயன்று மடிகிறது. விதைச் செலவும் வீண். அதைவிட, அது முளைக்குமென்று காத்திருந்த பத்து நாட்களும் வீண். அதற்குள் முளைத்த பயிர் வளர்ந்துவிடுவதால் வயது ஒவ்வாமையும் ஏற்படுகிறது.

ஆகையால் மருந்து இட்ட வயலில் பாடுவாசியை விதையால் நிரப்பலாகாது. நாற்றால் நிரப்புதல் வேண்டும். விதைத்த 14 முதல் 21 நாட்களுக்குள், அடர்த்தியாக முளைத்திருக்கும் இடங்களிலிருந்து செடிகளை வேரோடு களைந்தெடுத்து, வெற்றிடங்களில் நடவேண்டும். வேரூன்றிய நாற்று முளைப்பருவத்தைக் கடந்துவிட்டபடியால் மருந்து அதை வாட்டாது. அடர்ந்த இடம் கலைவதும் வெற்றிடம் நிரம்புவதும் ஒரே வேலையில் முடிகின்றன. முன்யோசனையுள்ளவர்கள், வயலின் ஒரு மூலையில் மருந்து படாத ஒரு சிறு பாத்தியில் அதே நாளில் கொஞ்சம் விதையைத் தனியாக விட்டு வைப்பார்கள். தேவையானால் அதுவே நாற்றங்கால். தேவைப்படாவிட்டால் நஷ்டம் சொற்பமே.

வயலின் பெரும்பகுதியும் முளைக்காமல் போனால் பாடுவாசி நிரப்புவதால் பயனில்லை. அப்போது மறுவிதைப்பா, நடவா என்று முடிவு செய்யுமுன் மண்ணைச் சோதித்தறிதல் வேண்டும்.

சட்டிச் சோதனை

இச்சோதனைக்குப் பொருட்செலவு இல்லை. மருந்து இட்ட வயலில் பல இடங்களிலிருந்து மேல்மண்ணை ஐந்து செண்டிமீட்டர் ஆழம் வரை எடுத்து ஒன்றாகக் கலந்து ஒரு சட்டியில் இடவேண்டும். அதே வகை மண்ணை, மருந்து படாத இடத்திலிருந்து எடுத்து மற்றொரு சட்டியில் இடவேண்டும். இரண்டிலும் நல்ல விதை 25 வீதம் எண்ணி விதைத்து, ஒரே அளவு நீர் ஊற்றி, ஒரே வெயிலில் வைத்தல் வேண்டும். பத்து நாள் கழித்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். எண்ணிக்கை மட்டுமன்றி, செடிகளைப் பிடுங்கி வேரையும் பார்க்க வேண்டும். வேர் குட்டையாகித் தடித்திருந்தாலும், இலை சுருண்டு விரியாமல் இருந்தாலும் மருந்து இன்னும் மண்ணில் உள்ளது என்று பொருள். இரண்டு சட்டியிலும் முளைப்பு ஒத்திருந்தால் விதைக்கலாம். இல்லையேல் நடவையே நாடுதல் நலம்.

இதே சோதனை, நெல்லுக்குப்பின் வேறு பயிர் விதைக்க எண்ணுவோருக்கும் உதவும். அப்போது நெல்விதைக்குப் பதிலாக, விதைக்கப்போகும் பயிரின் விதையையே இரு சட்டிகளிலும் இட்டுப் பார்க்க வேண்டும்.

நெல் தரிசில் உளுந்து

டெல்டாப் பகுதியில் சம்பா, தாளடி நெல் அறுவடைக்கு ஒரு வாரம் அல்லது பத்து நாள் முன்னதாக, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் பயிருக்கிடையிலேயே உளுந்து, பயறு விதைகளைத் தூவுவது நெடுநாளைய வழக்கம். இங்கே விதை மண்ணுக்கு மேலேயே கிடக்கிறது, ஆழம் இல்லை. நெற்பயிர் மறைத்து நிற்பதால் மருந்தைச் சீராகத் தெளிக்கவும் வழியில்லை. எனவே இம்முறையில் முளைக்குமுன் தடுக்கும் மருந்தை விதையின்மேல் தெளித்துப் பார்ப்பது தகாது. உளுந்து முளைத்து இலைவிட்ட பின், அப்பயிருக்கென்று சிபாரிசு செய்யப்பட்ட, களையின் இலைமேல் தெளிக்கும் மருந்தை 15 முதல் 20 நாட்களுக்குள் உபயோகிப்பதே முறை. விதையைக் காத்து நிற்பது எது என்னும் கேள்வியைக் கேட்டால் இந்த வேற்றுமை தானே விளங்கும்.

மருந்துக்கு அடங்காத களைகள்

முளைக்குமுன் தெளிக்கும் மருந்து விதையிலிருந்து முளைக்கும் களைகளையே தடுக்கும். கிழங்கிலிருந்து கிளம்பும் கோரையையும், தண்டிலிருந்து தழைக்கும் அறுகையும் அது அடக்காது. இவை மிகுந்த நிலத்தில் கோடை உழவு செய்து, கிழங்குகளையும் வேர்த்தண்டுகளையும் வெயிலில் உலர்த்துவதே முதற்காரியம்.

களைநெல் என்பது மற்றொரு தொல்லை. அது நெல்லின் இனமே ஆதலால், நெல்லைக் காக்கும் எம்மருந்தும் அதையும் காக்கும். இதற்கு ஏற்ற வழி, விதைப்பதற்கு முன்னரே களையை முளைக்கவிட்டு அழிப்பது. நிலத்தைத் தயார் செய்து, மழையினாலோ ஒரு நனைப்பினாலோ ஈரமாக்கி, ஒன்று முதல் இரண்டு வாரம் வரை காத்திருந்தால் மேல்மண்ணிலுள்ள களைவிதைகள் முளைக்கும். பின் மேலாக உழுது அவற்றை அழித்து உடனே விதைக்க வேண்டும். ஆழ உழுதால் அடியில் உறங்கும் விதைகள் மேலே வந்து, செய்த வேலை வீணாகும். சுத்தமான விதையை உபயோகிப்பதும் இதனோடு சேர்ந்ததே.

மருந்து இட்ட வயலிலும் 30 முதல் 35 நாட்களில் ஒருமுறை கைக்களை எடுத்தல் அவசியம். கரிசலாங்கண்ணி, ஆரைக்கீரை முதலியவையும், பிந்தி முளைக்கும் புல்லும் அப்போது அகற்றப்படும். வரிசையாக விதைத்த வயலில் உருளும் களைக்கருவியைச் செலுத்தலாம். மருந்து கைக்களையின் கூலியைக் குறைக்கும். அதை முற்றிலும் நீக்கிவிடும் என்று எதிர்பார்த்தல் தவறு.

தெளிப்பவர் கவனிக்க வேண்டியவை

தெளிப்பானுக்குத் தட்டை விசிறி நாசிலைப் பொருத்துதல் வேண்டும். பூச்சிமருந்துக்கு உபயோகிக்கும் நாசில் இதற்கு ஏற்றதன்று. முதலில் வெறும் நீரை ஊற்றி, ஒரே நடையில் சென்று, எவ்வளவு இடத்துக்கு எவ்வளவு நீர் செலவாகிறது என்று அளந்தறிந்த பின்னரே மருந்தைக் கலத்தல் வேண்டும். சென்ற வழியிலேயே மீண்டும் செல்லாதவாறு கயிறு கட்டியோ குச்சி நட்டோ எல்லை குறித்தல் நன்று. இரட்டிப்பாகத் தெளிக்கப்பட்ட பட்டையில் நெல் கெடும். விடுபட்ட பட்டையில் களை வளரும். சேற்று வயலில் மருந்தை ஏக்கருக்கு 20 கிலோ உலர்ந்த மணலில் கலந்து சீராகத் தூவுவதும் வழக்கத்திலுள்ளது. அவ்வாறாயின் கையுறை அணியாமல் கலப்பதோ தூவுவதோ கூடாது.

காற்று வீசும் வேளையிலும், மழை வரும் நிலையிலும் தெளிக்கலாகாது. இம்மருந்துகள் மீன் இனத்துக்குக் கொடியவை. மருந்து இட்ட வயல் நீரைக் குளத்திலோ, ஆடுமாடுகள் நீருண்ணும் வாய்க்காலிலோ வடியவிடுதலும், தெளிப்பானை அங்கே கழுவுதலும் பெருந்தவறு. காலிப் புட்டிகளை வீட்டு உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளாமல், துளையிட்டுச் சீட்டில் கூறியபடி அப்புறப்படுத்துதல் வேண்டும்.

கிராம அதிகாரிகளின் கவனத்திற்கு

விதை முளைக்கவில்லை என்னும் முறையீடு வரும்போது, காரணம் விதையா, வானிலையா, மருந்தா என்பதைப் பிரித்தறிவது அதிகாரிகளின் பொறுப்பு. இதில் அவசர முடிவு கூடாது. தவறான முடிவால் விதை கொடுத்தவருக்கும் குடியானவருக்கும் வீண் வழக்கு நேரும்.

முளைக்காத இடத்தில் மண்ணைக் கிளறி விதையை எடுத்துப் பார்க்க வேண்டும். விதை முளைவிடாமல் அழுகியோ அப்படியேயோ கிடந்தால், விதையின் தரத்தையோ நீர்த்தேக்கத்தையோ ஆராய வேண்டும். முளைவிட்டபின் குருத்து சுருண்டும் வேர் தடித்தும் நின்றுபோயிருந்தால் மருந்தைச் சந்தேகிக்கலாம். கேடு தெளிப்பவரின் நடையை ஒட்டிப் பட்டை பட்டையாகவோ, திரும்பும் வரப்போரங்களில் மிகுந்தோ காணப்பட்டால் அளவு தவறியது தெளிவு. பள்ளங்களில் மட்டும் காணப்பட்டால் நீர்தேங்கியதும், அங்கே மருந்து சேர்ந்ததும் காரணமாகலாம். மருந்து படாத மூலையிலோ, அதே விதை விதைத்த அடுத்த வயலிலோ முளைப்பு நன்றாக இருந்தால் விதையின்மேல் பழி சொல்ல இடமில்லை.

இவ்வாராய்ச்சிக்கு உதவியாகக் குடியானவர்கள் விதை, மருந்து ஆகிய இரண்டின் ரசீதுகளையும், மருந்துப் புட்டியின் சீட்டையும் அறுவடை வரையில் பத்திரப்படுத்துதல் வேண்டும். விதைத்த நாள், நனைந்த நாள், மருந்து இட்ட நாள், இட்ட அளவு ஆகிய நான்கையும் ஒரு தாளில் குறித்து வைப்பது நன்று. 1968-ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டம் களைக்கொல்லிகளுக்கும் பொருந்தும். எந்தப் பயிருக்கு, எவ்வளவு, எப்போது என்ற விவரம் இல்லாத மருந்தை வாங்குவதும் விற்பதும் தகாதன என்பதைக் கிராமத்தாருக்கு எடுத்துக்கூறுதல் அதிகாரிகளின் கடமை.

சுருக்கம்

புழுதி விதைப்பில் விதையைக் காப்பது ஆழம். ஆகவே விதையை மூடி, நனைந்த மண்ணில், நெல் தலைகாட்டுமுன் பெண்டிமெத்தலினைத் தெளித்தல் வேண்டும். சேற்று விதைப்பில் விதையைக் காப்பது காப்புப் பொருள். ஆகவே முளைகட்டிய விதைக்கு, அப்பொருள் சேர்ந்த மருந்தையே 3-ஆம் அல்லது 4-ஆம் நாள் இடுதல் வேண்டும். நடவில் பயிரைக் காப்பது வயது. அதற்குரிய மருந்தை விதைப்பு வயலுக்குக் கொண்டுவரலாகாது. மருந்து இட்ட மண்ணில் வெற்றிடத்தை நாற்றால் நிரப்புக, விதையால் நிரப்பற்க. ஐயம் எழுந்தால் இரண்டு சட்டிகளும் ஐம்பது விதைகளும் பத்து நாட்களும் விடை கூறும். பருவம் தவறியபின் விதையும் மருந்தும் கடையில் மீண்டும் கிடைக்கலாம், நாட்கள் கிடைப்பதில்லை.